பழைய பைபர் படகில் போட்ட ஒட்டு ஏன் கழன்று விழுகிறது?

கொழும்பின் வடக்கே முகத்துவாரம், மட்டக்குளி, காக்கைத்தீவுக் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் பழைய பைபர் படகு ஒன்றின் அடியைக் குனிந்து பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து தொங்கும் ஒட்டு ஒன்றாவது கண்ணில் படும். அதைப் பிய்த்து மறுபக்கம் திருப்பினால் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். பழைய பெயின்ட்டின் நிறம்கூட அதில் படிந்து வந்திருக்கும், ஆனால் இழை கிழிந்த தடயம் எதுவும் இருக்காது. ஒட்டில் பழுதில்லை, கையால் முறிக்கப் பார்த்தால் முறியாது. படகோடுதான் அது ஒருநாளும் சேரவில்லை.

முதன்முதலாக ஒரு பழைய படகைத் திருத்த எடுப்பவர் கண்ணாடி இழை, அதை ஊறவைத்து இறுக்கும் ரெசின், பிளைவுட் என்று பொருட்களின் விலையைத்தான் கணக்குப் பார்ப்பார். வேலையின் பாதிக்கு மேல் பொருள் எதுவும் போடாத வேலை: சுரண்டுவது, காயவைப்பது, அரைப்பது. ஒட்டு நிற்பதும் கழல்வதும் அங்கேதான் முடிவாகிறது. அதற்குக் காரணம் ரெசினின் இரசாயனம்.

பொலியெஸ்டர் ரெசின், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்து நிற்கும் பாகு. ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தை விட்டதும் ஸ்டைரீன் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பின்னிவிடும். இன்று போட்ட படையின் மேல் நாளைக்கே அடுத்த படையைப் போட்டால், கீழே இன்னும் பிணையாத முனைகள் மிச்சம் இருக்கும். புதிய ரெசின் அவற்றோடு இரசாயன முறையில் கோத்துக்கொள்ளும். படையின் மேற்பரப்பு மறுநாளும் பிசுபிசுவென்று இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் மேல்தோலை முழுதாக இறுகவிடாமல் தடுப்பதால் வருவது அது. அடுத்த படைக்கு அது நல்லதே. கடைசிப் படைக்கு மட்டும் சிறிதளவு மெழுகு கலந்த ரெசின் பூசுவார்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை அடைத்துவிட, மேற்பரப்பு காய்ந்து இறுகும்.

இருபது வருடம் வெயில் குடித்த படகில் பிணையத் தயாரான முனை என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது. அதன் மேல் ஊற்றும் ரெசின் வெறும் பசைதான். பசை பிடிக்கச் சொரசொரப்பான, சுத்தமான, காய்ந்த பரப்பு வேண்டும். அது போதாதென்று, பொலியெஸ்டர் இறுகும்போது கனஅளவில் நூற்றுக்கு 6 முதல் 8 வரை சுருங்கும். புது ஒட்டு பிறந்த நாளிலேயே தன் விளிம்பைத் தானே மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட்டின் மேலோ பழைய ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சின் மேலோ போட்ட ஒட்டு இரண்டு மாதம் தாங்கினாலே பெரிய காரியம்.

பரிகாரம் சரிவாக அரைப்பது. 5 மி.மீ. தடிப்புள்ள அடியில் ஓட்டை விழுந்திருந்தால் அதன் விளிம்பிலிருந்து சுற்றிவர 60 மி.மீ. தூரத்துக்கு, தடிப்புக்குப் பன்னிரண்டு மடங்கு என்ற கணக்கில், தட்டுப்போலச் சரித்து அரைக்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய விளிம்பில் ஒட்டினால் பசைக்குக் கிடைப்பது 5 மி.மீ. அகலம். சரித்தால் 60. சுமையும் உரிக்கும் திசையை விட்டுவிட்டு வழுக்கும் திசைக்கு மாறும். பசைக்கு உரிவதைத் தாங்குவது கஷ்டம், வழுக்குவதைத் தாங்குவது சுலபம். 36 அல்லது 40 நம்பர் அரைக்கும் டிஸ்க் போதும், மெல்லியது போட்டு மினுக்க வேண்டாம். முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டுப் பிறகு அரையுங்கள். வரிசையை மாற்றினால் பழைய மெழுகையும் எண்ணெயையும் டிஸ்க்கே கீறலுக்குள் தேய்த்துப் புதைத்துவிடும்.

எந்தப் படகை எடுப்பது

17, 18 அடிப் படகே முதல் வேலைக்குப் போதும். இரண்டு பேர் பலகை உருளைகளை வைத்துத் திருப்பிவிடலாம். நாணயக் குற்றியால் அணியம் என்ற முன்முனையிலிருந்து அமரம் என்ற பின்முனை வரை சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாகப் பேசும். படை பிரிந்த இடமும் உள்ளே மரம் உக்கிய இடமும் மந்தமாக முனகும். மந்தமான இடங்களை சோக்கால் வட்டமிட்டு வாருங்கள். கடைசியில் தள்ளி நின்று பார்த்தால் படகின் நோய் வரைபடம் கண்முன் இருக்கும்.

நீரிலேயே கட்டிக் கிடக்கும் பெரிய படகுகளுக்கு வரும் கொப்புளத்தைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜெல்கோட்டுக்குள் கசியும் நீர் ரெசினைச் சிதைத்துப் புளித்த வாடையோடு நீர் கோக்கும் நோய் அது. தினமும் மணலுக்கு இழுக்கும் சின்னப் படகைத் தின்பது மணல்தான்: அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராவின் நடுப்பகுதியும் அமரத்தின் அடி மூலையும். அங்கே இழை வெளியே நரைத்துத் தெரிந்தால் பரவாயில்லை, அது திருத்தக்கூடியது. பக்கச் சுவரைத் தோளால் தள்ளும்போது தகரம்போல உள்ளே போய் வந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரமாக வார்த்துத் தள்ளிய படகுகளில் அப்படி மெலிந்தவையும் இருந்தன.

படகின் பதிவு இலக்கத்தையும் பாருங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்கீழ் மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுப் பத்திரம் இல்லாத படகு மலிவாகக் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. இலக்கத்தை அரைத்து அழிப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது நல்லது.

காய்வதற்கு ஒரு மாதம்

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கரையில் கடல் மூர்க்கமாகும், படகுகள் கரையேறும், எல்லோரும் அப்போதுதான் திருத்த வேலையைத் தொடங்குவார்கள். தொழில் செய்கிறவருக்கு வேறு வழியில்லை. சும்மா கிடக்கும் படகை எடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கொழும்பில் வருடத்துக்கு 2,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் மிகக் குறைவாகப் பெய்வது ஜனவரியிலும் பெப்ரவரியிலும். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஒரு முழம் பொலித்தீனை அடிப்பாகத்தில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்பக்கம் நீர் வியர்த்திருந்தால் இன்னும் ஒரு கிழமை போகட்டும். ரெசின் பூசுவது காலை பத்து மணிக்குப் பிறகு. அதற்கு முன் பனியின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் பரப்பில் படர்ந்திருக்கும்.

அமரப் பலகை

இஞ்சின் மாட்டும் பின்சுவர் வெளியே பைபர், உள்ளே பிளைவுட். 25 குதிரைவலு இஞ்சின் ஏறத்தாழ 50 கிலோ. பாரம் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. விசிறி படகின் அடிமட்டத்துக்கும் கீழே இருந்து முன்னே தள்ளுகிறது. அதனால் இஞ்சின் தாங்கியின் கீழ் விளிம்பு பலகைக்குள் அழுந்துகிறது, மேல் போல்ட்டுகள் பின்னே இழுபடுகின்றன. ஒவ்வொரு அலையிலும் இந்த நெம்பல் நடக்கிறது. உள்ளே மரம் உக்கியிருந்தால் இரண்டு பைபர் தோல்கள் மட்டும் தனித்தனியே வளையும், மூலைகளில் நட்சத்திரம்போல வெடிப்பு ஓடும்.

உக்கலைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் ஒரு சின்ன ஓட்டை: நீர் வடியும் தக்கை ஓட்டை. துளைத்த பிறகு அதன் உட்சுவரில் வெட்டுப்பட்ட பிளைவுட் விளிம்புக்கு யாரும் ரெசின் பூசுவதில்லை. அதன் வழியே ஏறும் நீர் அடுக்கடுக்காகப் பரவும். கடல்நீரைவிட மழைநீர் இதில் கொடியது, உப்பு பூஞ்சணத்தை ஓரளவு அடக்கிவைக்கும். பூஞ்சணத்துக்கு வேண்டியது மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரமும் கொஞ்சம் காற்றும். நிமிர்த்தி வைத்து மழைநீர் தேங்கிய படகு, தினமும் கடலுக்குப் போகும் படகைவிடச் சீக்கிரம் உக்குவது இதனால்தான்.

உட்புறத்திலிருந்து கீழ்ப் பகுதியில் 6 மி.மீ. துரப்பணத்தால் ஒரு துளை போடுங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் துளையை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கறுத்து, சேறுபோலத் துரப்பணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் பலகையை மாற்றியாக வேண்டும். உள்தோலைச் சுற்றிவர 50 மி.மீ. கரை விட்டு வெட்டி எடுங்கள். வெளித்தோலைத் தொடாதீர்கள், படகின் வடிவம் அதில்தான் இருக்கிறது. உக்கிய மரத்தை உளியால் முழுதாக வாரி, வெளித்தோலின் உட்பக்கத்தை அரைத்து, அட்டையில் அச்சு வெட்டி, 18 மி.மீ. பிளைவுட் இரண்டைச் சேர்த்து 36 மி.மீ. ஆக்குங்கள். அதற்கு முன் இஞ்சின் தாங்கி எவ்வளவு தடிப்பைப் பிடிக்கும் என்று அளப்பது நல்லது. உயரத்தையும் பாருங்கள்: குட்டைத் தண்டு இஞ்சினுக்கு 15 அங்குலம், நெட்டைத் தண்டுக்கு 20.

பழைய சோனகத் தெருக் கடைகளில் ‘மரீன்’ என்று முத்திரை குத்திய பலகை எல்லாம் மரீன் பலகை ஆகிவிடாது. ஒரு துண்டை வெட்டிப் பானையில் போட்டு இரண்டு மூன்று மணிநேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை அலுமாரிக்குத்தான்.

பலகையின் ஆறு பக்கமும் ரெசின் ஊறவைத்து, வெளித்தோலில் ரெசினில் தூள் குழைத்த தடித்த மாவு பூசி, பலகையை அழுத்தி வையுங்கள். விளிம்பெங்கும் மாவு பிதுங்கினால் போதும். அதற்கு மேல் கிளாம்பை இறுக்கினால் பசை முழுதும் வெளியேறி மரம் வறண்டு நிற்கும். பலகை சுவரைத் தொடும் மூலையில் மாவைக் குழிவாக இழுத்துவிடுங்கள், 25 மி.மீ. ஆரம் போதும். கண்ணாடி இழை செங்கோணத்தில் மடங்காது, மடங்கிய இடத்தில் காற்றுக் குமிழி நிற்கும். மேலே போடும் படைகள் பக்கச் சுவரில் 150 மி.மீ. வரை ஏற வேண்டும். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து எபொக்சி என்ற வேறு வகை ரெசினால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே தெரியாது. தக்கை ஓட்டைக்கும் இதே வைத்தியம்தான்.

எல்லாவற்றையும் எபொக்சியிலேயே செய்தால் என்ன? பழைய பைபரில் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் விலை பல மடங்கு, அதன் மேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக ஒட்டாது. கடையில் பாய்போல விற்கும், நறுக்கிய கண்ணாடி இழையாலான ‘மேட்’டின் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது, எபொக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும்.

ஏராவுக்குக் கணக்கு

மணல் தேய்த்த ஏராவின் மேல் புதுப் பட்டைகள் போடும் கணக்கு இது. 18 அடி என்றால் 5.5 மீற்றர். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் மூன்று பட்டைகள்: 250, 200, 150 மி.மீ. அகலம். மொத்தம் 3.3 சதுர மீற்றர், ஒன்றரைக் கிலோ இழை. மேட்டுக்கு எடையில் இரண்டரை மடங்கு ரெசின் என்று வைத்தால் 3.7 கிலோ, சேதாரத்தோடு நாலரைக் கிலோ வாங்குங்கள். அகலமான பட்டை முதலில். பழைய பரப்போடு பேசுவது முதற்படை மட்டும்தான், அதற்கு முழு இடமும் கொடுக்க வேண்டும். அரைத்த பரப்பில் நேராக ரோவிங் என்ற தடித்த நெசவுக் கண்ணாடி இழைத் துணியை விரிக்காதீர்கள். அதன் முரட்டு நெசவுக்கும் அரைத்த பரப்புக்கும் இடையே இடைவெளி நிற்கும். மேட் முதலில், வேண்டுமானால் ரோவிங் அதன் மேல்.

ஹார்ட்னர் 1 கிலோவுக்கு 10 மி.லீ., மருந்துக்கடை ஊசிக்குழாயில் அளந்தால் பிழைக்காது. கொழும்பு வெயிலில் அதற்கே 15, 20 நிமிடத்தில் ரெசின் களியாகத் தொடங்கும். சீக்கிரம் காயட்டும் என்று இருமடங்குக்கு மேல் விட்டால் சூட்டில் வெடிப்பு வரும். நேரம் கிடைக்கட்டும் என்று பாதியாகக் குறைத்தால் ஒருநாளும் முழுதாக இறுகாது. மறுநாள் மேல்தோலை லேசாக அரைத்துவிட்டு அந்த இடத்தில் அசிட்டோன் துணியால் தேய்த்துப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அந்தப் படையைச் சுரண்டி எறிவதைத் தவிர வழியில்லை. அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். வாளியில் குவிந்து நிற்கும் ரெசின் தன் சூட்டிலேயே வெந்து புகையும், தட்டையான தட்டத்தில் ஊற்றினால் தணியும்.

இறுகுவதை வேகமாக்கும் கோபால்ட்டைத் தனியாகக் கலக்க வேண்டிய ரெசின் என்றால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து முடியுங்கள், ஹார்ட்னர் அதற்குப் பிறகு. இரண்டும் நேரடியாகச் சந்தித்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதீர்கள், பட்டுவிட்டால் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள். அரைக்கும்போது துணி முகமூடி உதவாது, தூசு வடிகட்டும் முகமூடி வேண்டும்.

மூழ்கினாலும் மிதக்க

இருக்கைகளுக்குள் அடைத்த பழைய நுரை நீர் குடித்திருந்தால் படகு காரணம் தெரியாமல் பாரமாக இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு எவ்வளவு வைப்பது? 300 கிலோ பைபர் கடல்நீரில் அமிழ்ந்தால் ஏறக்குறைய 90 கிலோதான் நிறுக்கும். இஞ்சினுக்கு 35, பிடித்துத் தொங்கும் இரண்டு பேருக்கு 30. கூட்டினால் 155. ஒரு லீற்றர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். வலைக்கும் பிழைக்கும் சேர்த்து 250 லீற்றர் வைக்கலாம். அதில் பாதிக்கு மேல் அமரப் பக்கம், கூடிய மட்டும் விளிம்பை ஒட்டி உயரத்தில் இருக்கட்டும். நடு அடியில் மட்டும் அடைத்தால் படகு மிதக்கும், ஆனால் தலைகீழாகத்தான் மிதக்கும்.

பெயின்ட் பூசும் முன் கட்டைகளில் நிறுத்தி உள்ளே நீர் விடுங்கள். 10 செ.மீ. போதும், நான்கு சதுர மீற்றர் தரைக்கு அதுவே 400 கிலோ. வெளியே ஈரம் பொசியும் இடத்தை சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தை அலை உடையும் கரையிலிருந்து தொடங்காமல் களனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு உட்பக்கம் அமைதியான நீரில் வைத்துக்கொள்ளலாம். துடுப்பும் நங்கூரமும் கூடவே போகட்டும்.

பெயின்ட் காய்ந்ததும், புது ஒட்டின் விளிம்பைக் குறுக்கே வெட்டும்படி பென்சிலால் சில கோடுகள் கிழித்து வையுங்கள்; ஏராவில் நான்கு, அமர மூலைகளில் இரண்டிரண்டு. மூன்றாவது ஓட்டம் முடிந்து கரையேறியதும் துடைத்துவிட்டு அவற்றைப் பாருங்கள். கோடு முழுதாக இருந்தால் இஞ்சின் போல்ட்டுகளை மட்டும் இன்னொரு தடவை இறுக்குங்கள். விளிம்பு வரும் இடத்தில் மயிரிழை அளவுக்குக் கோடு அறுந்திருந்தால் அதன் மேல் இன்னொரு படை போட்டு மூடாதீர்கள். உளியை விளிம்பில் கொடுத்து நெம்பி, உரிந்து வரும் துண்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் எந்த வேலையில் கை சறுக்கியது என்று தெரிந்துவிடும்: வழவழப்பாக இருந்தால் அரைத்தது போதவில்லை, வெண்மூட்டமாக இருந்தால் ஈரம் காயவில்லை.