குளிர்காலப் பூசணியா, முற்றல் பூசணியா?

சமையற் குறிப்புகளிலும் வீட்டுத்தோட்டக் குறிப்புகளிலும் 'குளிர்காலப் பூசணி' என்றொரு சொல் இப்போது தென்படுகிறது. 'வின்டர் ஸ்குவாஷ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது இது. நுவரெலியாவில் இருந்து இதைப் படிப்பவர், தை மாதக் குளிரில் நட வேண்டிய பயிர் போலும் என்று எண்ண இடமுண்டு. அப்படி நட்டால், உறைபனி விழும் ஒரே இரவில் கொடி கருகிவிடும்.

அந்தப் பெயரில் உள்ள குளிர்காலம் வளரும் பருவத்தைக் குறிப்பதன்று, வைத்து உண்ணும் பருவத்தையே குறிக்கிறது. பனி கொட்டும் நாடுகளில் கோடையில் காய்த்து, இலையுதிர்காலத்தில் முற்றி, பனிக்காலம் முடியும்வரை கெடாமல் இருப்பதால் அப்பெயர் ஏற்பட்டது. 'ஸ்குவாஷ்' என்பது வட அமெரிக்கப் பழங்குடியினரான நராகன்செட் மக்களின் 'அஸ்குட்டாஸ்குவாஷ்' என்ற சொல்லின் சுருக்கம். பச்சையாகத் தின்னத்தக்கது என்பது அதன் பொருள். சமைத்தே உண்ண வேண்டிய முற்றிய காய்க்கு இப்பெயர் வந்து சேர்ந்திருப்பதால், நேர்ப்பெயர்ப்பு நமக்குப் பருவத்தையும் உணர்த்துவதில்லை, பக்குவத்தையும் உணர்த்துவதில்லை.

மலையகத்தில் இந்தப் பக்குவத்திற்குச் சொல் இல்லாமல் இல்லை. லயத்துக் கோடியில் படர்ந்த கொடியில் காயை அறுக்குமுன் அம்மா தோலை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் விட்டுவிடுவார். பதியாமல் வழுக்கினால், "நல்லா முத்திருச்சு" என்பார். காம்பு பசுமை இழந்து தக்கைபோல் காய்ந்திருப்பதும், தோலின் பளபளப்பு மங்கியிருப்பதும் உடன் பார்க்க வேண்டிய அடையாளங்கள். காயைத் திருகிப் பறிக்காமல், காம்பை நான்கு விரல் நீளம் விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். காம்பு முறிந்த இடத்தின் வழியாகத்தான் அழுகல் உள்ளே புகுகிறது. அதனாலேயே காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது.

அறுத்த காயை 10 முதல் 14 நாள் வரை வெப்பமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் உலர்த்தினால் தோல் இறுகி, சிறு கீறல்களும் ஆறிவிடும். மழையும் மூடுபனியும் விடாத மாதங்களில் நமக்கு இதுதான் சிரமம். விறகடுப்பின் சூடு எட்டும் பலகை அப்போது வெயிலுக்குப் பதிலாக உதவும். பிறகு 10 முதல் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஈரம் ஊறும் சீமெந்துத் தரையில் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் வகைக்கேற்ப இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை இருக்கும். அதைவிட மிகுந்த குளிர் நெடுநாள் பட்டால் காய் கெடும் என்பதால் முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. வைத்திருக்கும் காலத்தில் மாப்பொருள் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுவதால், சில வாரம் கழித்து வெட்டிய காயில் வைக்கும் பால்கறி இன்னும் இனிக்கும். தேங்காய்ப்பூவையும் ஒரு பிடி அரிசியையும் கருக வறுத்து அரைத்துச் சேர்க்கும் கறிக்கும் இத்தகைய காயே ஏற்றது. பிஞ்சு நீர் விட்டுக் குழைந்துவிடும்.

பூசணி என்ற பெயரையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஆசியாவில் தொன்றுதொட்டு விளைவது வெண்சாம்பல் பூத்த நீற்றுப்பூசணி. மஞ்சள் சதையுள்ள பூசணி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே நம் பக்கம் பரவியது. தமிழகத்தில் வழங்கும் 'பரங்கிக்காய்' என்ற பெயர் அந்த வரவைச் சொல்கிறது. இலங்கையில் 'பறங்கியர்' என்றால் ஐரோப்பிய வழிவந்த ஒரு சமூகத்தவரைக் குறிக்கும்; மரக்கறிக்கு நாம் பூசணி என்றே வழங்குகிறோம். சிங்களத்தில் அது 'வட்டக்கா'.

ஆகவே 'வின்டர் ஸ்குவாஷ்' என்பதற்கு 'முற்றல் பூசணி' என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் கருத்து. 'பூசணிப்பழம்' என்று சிலர் சொல்வதும் பிழையன்று. ஆனால் பழம் என்றதும் சமைக்காமல் உண்பது என்ற எண்ணம் வருகிறது. இளசாகவே பறித்துச் சமைக்கும் 'சமர் ஸ்குவாஷ்' வகைகளுக்குப் 'பிஞ்சுப் பூசணி' என்ற பெயர் இயல்பாகவே அமைகிறது. பதுளைச் சந்தையில் 'குளிர்காலப் பூசணி' என்று கேட்டால் விற்பவர் திகைப்பார். நல்ல முற்றலாக ஒன்று வேண்டும் என்றால், நகம் பதியாத காயை எடுத்துத் தராசில் வைப்பார்.