‘~’ என்று ஒரு ஃபோல்டர்

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒருநாள் கேட்டார்: “அண்ணா, ப்ராஜெக்ட்டுக்குள்ள ~ என்று ஒரு ஃபோல்டர் கிடக்கு, தூக்கிடவா?” அவர் எழுதிய ஸ்கிரிப்டில் ~ மேற்கோளுக்குள் மாட்டிக்கொண்டதால், அந்தக் குறியே ஃபோல்டரின் பெயராகிவிட்டது. திரும்பிப் பார்த்தால், லினக்ஸ் டெர்மினலில் ‘ஆர்எம் -ஆர்எஃப் ~’ அடித்து முடித்திருந்தார். ஆர்எம் அழிக்கும் கட்டளை, -ஆர்எஃப் சேர்த்தால் ஃபோல்டரையும் உள்ளே இருப்பதையும் கேட்காமலே அழிக்கும். என்டர்தான் பாக்கி. கையைப் பிடித்து நிறுத்தினேன். டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளைப் படிக்கும் புரோகிராம்தான் ஷெல். அதற்கு ~ என்றால் அவருடைய ஹோம் டைரக்டரி, அதாவது அவருடைய சொந்த ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர். மொத்தமும் போயிருக்கும்.

‘./~’ என்று கொடுத்தோம், தேவையற்றது மட்டும் போனது. ‘./’ என்றால் ‘இப்போது இருக்கும் ஃபோல்டருக்குள்’ என்று பொருள். சொல்லின் தொடக்கத்தில் வராத ~ஐ ஷெல் அப்படியே விட்டுவிடும்.

நாம் அடிப்பதை முதலில் படிப்பது ஷெல். அது பிரித்து, விரித்துக் கொடுப்பதுதான் ஆர்எம்முக்குப் போகிறது. ஃபைல் பெயரில் லினக்ஸ் அனுமதிக்காதவை இரண்டே: சாய்கோடு, பூஜ்ய பைட். இடைவெளி, நட்சத்திரக் குறி, ஏன், புது வரிகூட பெயருக்குள் வரலாம். ‘*’ என்றே ஒரு ஃபைல் இருந்தால் மேற்கோளுக்குள் போட்டு அழியுங்கள். வெறுமனே போட்டால் ஷெல் அதை அங்குள்ள எல்லாப் பெயர்களாகவும் விரிக்கும், மற்ற ஃபைல்களும் சேர்ந்து போகும்.

ஹைபனில் தொடங்கும் பெயருக்கு மட்டும் மேற்கோள் உதவாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேற்கோளை ஷெல்லே கழற்றிவிடும். ஆர்எம் மிச்சத்தை ஆப்ஷன், அதாவது ‘-ஆர்எஃப்’ போல எப்படி அழிப்பது என்று சொல்லும் குறி, என்று எடுத்துக்கொள்ளும். ‘-ஆர்எஃப்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும் இடத்தில் ‘ஆர்எம் *’ ஓட்டினால், உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் கேள்வியே இல்லாமல் போய்விடும். இதற்கும் ‘./’ தான் மருந்து. பெயருக்கு முன் ‘--’ போட்டு ஓர் இடைவெளி விட்டாலும் சரி.

சில பெயர்களைத் தட்டவே முடியாது. தமிழிலேயே பாருங்கள்: ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். நீங்கள் அடிப்பது மற்ற வடிவமாக இருந்தால் ‘அப்படி ஃபைல் இல்லை’ என்றுதான் வரும். அப்போது ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்ஐ’ போட்டு ஐநோட் எண்ணை, அதாவது ஃபைலை அடையாளம் காண லினக்ஸ் வைத்திருக்கும் எண்ணை, எடுங்கள். அப்புறம், இந்த ஃபோல்டரில் மட்டும் அந்த எண் உள்ளதைத் தேட, ‘ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம்’ என்று அடித்து, அந்த எண்ணைக் கொடுத்து, ‘-டெலிட்’ சேருங்கள். ‘-டெலிட்’ கடைசியில்தான் வர வேண்டும். எண்ணுக்கு முன்னால் வந்தால் எண்ணைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கிவிடும். நான் எப்போதும் முதலில் அது இல்லாமல் ஓட்டி, திரையில் ஒரே ஒரு பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்ப்பேன்.