காட்டுத்தீயின் சத்தத்தைக் கவனியுங்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையில் தீத்தடுப்புக் காவலர்களுக்கு ஓய்வே கிடையாது. புகை மூடினால் பக்கத்து மரம்கூடத் தெரியாது. நடுவில் ஒரு மேடு இருந்தால் தீயும் தெரியாது. அந்நேரத்தில் காதுதான் துணை.

சருகு எரிந்தால் மெல்லிய சடசடப்பு. கட்டைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி நாரைக் கிழித்து வெளியேறினால் பட்பட்டென்ற தெறிப்பு. மூங்கில் புதரில் தீ ஏறினால் டமார் டமாரென்று வெடிக்கும்; கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்றும் நீராவியும் செய்யும் வேலை அது. புதிதாக வருபவர்கள் மிரண்டுபோவார்கள். ஆனால் தீ எங்கே வந்திருக்கிறது என்றுதான் அந்த வெடி சொல்கிறது, எவ்வளவு வேகம் என்று அல்ல.

பயப்பட வேண்டியது இடைவிடாத இரைச்சலுக்கு. தனித்தனியாகக் கேட்ட வெடிப்புகள் ஒன்றுகூடி, ரயில் நெருங்குவதுபோல் ஹோவென்று இரைந்தால் தீ பெருத்துவிட்டது. மர உச்சிக்குத் தாவியிருக்கலாம். எதிர்த்தீ (வரும் தீக்கு இரை கிடைக்காதபடி முன்னாலேயே நாம் வைக்கும் தீ) வைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். முழுதும் எரிந்து ஆறிய இடத்துக்கோ, புல்லில்லாத அகன்ற பாறைக்கோ உடனே விலகுங்கள். மேட்டை நோக்கி ஓட வேண்டாம். சரிவு 10 டிகிரி கூடினாலே, மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

காற்று தீயின் பக்கமிருந்து நம்மை நோக்கி வீசினால் சத்தம் தெளிவாகக் கேட்கும். அப்படியானால் தீயின் பாதையிலேயே நிற்கிறோம். காற்று எதிர்த்திசையில் வீசினால் பக்கத்துத் தீகூட மெலிதாகத்தான் கேட்கும்; காற்று திரும்பிய நிமிடமே அது நம்மிடம் வந்துவிடும். காய்ந்த புல்சரிவிலோ தீ வேகமாக ஓடும்; சத்தத்துக்காகக் காத்திருக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய தீ, மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் பலிகொண்டது. கோடையில் மலையேறுபவர்கள் தொலைவில் புகை தெரிந்ததுமே இறங்கிவிடுங்கள்.

தீ அடங்கிய பிறகும் காது வேண்டும். வேர் எரிந்து பிடிப்பு விட்ட கற்கள் கடகடவென உருளும். சத்தம் கேட்டதும் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். அடிமரம் எரிந்த மரம் சில சமயம் முனகாமலே சாயும். அதன் கீழே நிற்கவே கூடாது.

இதையெல்லாம் கேட்பதற்குப் பெரிய தடை, காற்றை ஊதிச் சருகு ஒதுக்கும் ப்ளோயர் இயந்திரம். அது ஓடும்போது இயக்குபவருக்கு வேறெதுவும் கேட்காது. அதனால் குழுவில் ஒருவர் கையில் கருவி இல்லாமல், தள்ளி, தீ தெரியும் இடத்தில் வாக்கிடாக்கியுடன் நிற்க வேண்டும். அவர் விசில் ஊதினாலும் ப்ளோயர்காரருக்கு எட்டாது. தோளைத் தட்டிச் சொல்ல இன்னொருவரை அருகிலேயே நிறுத்துங்கள். அவ்வப்போது இயந்திரத்தை அணைத்துவிட்டு எல்லோரும் காது கொடுத்துக் கேளுங்கள்.