பயனாளி வேறு, பயன்படுத்துநர் வேறு

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், செவித்துணைக் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் என்று எந்தத் துணைக்கருவியைப் பற்றித் தமிழில் ஆய்வறிக்கை வந்தாலும் ‘பயனாளி’ தலைகாட்டிவிடுகிறது. ‘பார்வையற்ற பயனாளிகள் மீது இச்செயலி சோதிக்கப்பட்டது’, ‘இறுதிப் பயனாளிகளின் கருத்து பெறப்பட்டது’. ஆங்கிலத்தில் யூசர் என்று இருப்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். இது தவறு, சின்னத் தவறும் அல்ல.

யூசர் என்பதன் லத்தீன் வேர் ‘பயன்படுத்து’ என்னும் வினை. பயனாளிக்கு நேரான ஆங்கிலச் சொல் பெனிஃபிசியரி. அதன் வேருக்கு நன்மை செய்தல் என்று பொருள். முன்னவர் ஒன்றைச் செய்கிறார், பின்னவர் ஒன்றைப் பெறுகிறார். தமிழில் பயன் என்றால் பலன், விளைவு. குறளின் ‘பயனில சொல்லாமை’ அதிகாரத்தில் இருப்பதும் அதுவே. வேரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பயனாளியை விடமாட்டேன் என்பவர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். ‘ஆளி’ என்ற ஈறு ஆளுதலைக் குறிக்கிறது, ஆகவே பயனாளி என்றால் பயனை ஆள்பவர், இதைவிடப் பெருமையான சொல் ஏது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடனாளி கடனை ஆள்கிறாரா? நோயாளி நோயை ஆள்கிறாரா? ஈறு மட்டும் பொருளை முடிவுசெய்வதில்லை. வழக்குதான் முடிவுசெய்கிறது. பயனாளியை வழக்கு நலத்திட்டங்களுக்கு எழுதிக்கொடுத்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பயனாளிகள் பட்டியல், பயனாளிகள் தேர்வு, பயனாளிகளுக்கு வழங்கும் விழா. எல்லாவற்றிலும் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். வாங்குவதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று வாங்குபவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல்லை ஆய்வுக்குள் கொண்டுவந்தால் கேட்காத பழக்கமும் கூடவே வந்துவிடும்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, சைகையைக் குரலாக மாற்றும் கையுறைகளைப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப யாராவது ஒன்றைச் செய்கிறார்கள், பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் சைகைமொழியின் இலக்கணம் கையோடு முடிவதில்லை. பல சைகைமொழிகளில் புருவம் உயர்ந்தால் அது கேள்வி, தலை அசைந்தால் மறுப்பு. கையுறைக்கு முகம் தெரியாது. அதோடு, சைகை தெரியாதவர் பேசுவதைச் சைகையாக்கித் தரவும் அதனால் முடியாது. காது கேளாதவர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். மாறாக, பார்வையுள்ளவர்கள் செய்துகொடுத்த புடைப்பெழுத்து விரலுக்கு ஒத்துவராத நிலையில், 1824இல், 15 வயதில் புள்ளிமுறையை உருவாக்கிய லூயி பிரெய்ல் பார்வையற்றவர். 2006இல் என்விடிஏ திரைவாசிப்பானை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும் அப்படியே. இவர்களைப் பயனாளி என்று எழுத யாருக்காவது கை வருமா?

ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொல் இன்னும் மோசமான வேலையைச் செய்கிறது. ஆய்வில் கலந்துகொள்பவருக்கு நேரடி நன்மை எதுவும் கிடைக்காமல் போகலாம் என்பதைப் படிவம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதே படிவம் அவரைப் பயனாளி என்று அழைத்தால், கருவி தனக்கே கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுவார். ‘பயனாளிகள் மீது சோதிக்கப்பட்டது’ என்பதில் வரும் ‘மீது’ ஆங்கில வாடை. ‘அவர்களோடு சேர்ந்து சோதித்தோம்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் தேடுகிறார்களே தவிர, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்ப்பதே இல்லை. ஊனமுற்றோர் இயக்கம் உலகெங்கும் சொல்லிவரும் முழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்பதே அது. ‘எங்களைப் பற்றி’ என்பதை ‘எங்களுக்காக’ என்று மாற்றி எழுதினால் அங்கேயும் பயனாளி வந்து உட்கார்ந்துகொள்வார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 4ஆம் உறுப்பின் 3ஆம் பிரிவில், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களை நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும், முனைப்போடு பங்குபெறச் செய்ய வேண்டும் என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. பயனாளி என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை.

யூசருக்குச் சரியான தமிழ் ‘பயன்படுத்துநர்’. ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர் போல வினையிலிருந்து நேராக வந்த சொல், செய்பவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. நீளம் என்றால் ‘பயனர்’ போதும். சொல்லமைப்பில் அது அவ்வளவு துல்லியம் இல்லை என்றாலும் கணினித் தமிழில் ஊன்றிவிட்டது, நலத்திட்ட வாடையும் இல்லை.

கேள்விக்குப் பதில் சொல்பவரும் கருவியைச் சோதித்துப் பார்ப்பவரும் ‘பங்கேற்பாளர்’. எதை ஆராய்வது என்று முடிவெடுப்பதிலேயே உட்காருபவரை அப்படி அழைத்தால் குறைத்துச் சொன்னதாகும். அவருக்கு ‘இணை ஆய்வாளர்’ என்ற சொல் புழங்குகிறது. இணை என்றால் நிகர்தான், ‘இணையற்ற’ என்கிறோமே. ஆனால் அலுவலக வழக்கில் இணை இயக்குநர் இயக்குநருக்குக் கீழே, இணைப் பேராசிரியர் பேராசிரியருக்குக் கீழே. அந்த வாசனை தீரும்வரை ‘உடனாய்வாளர்’ என்றே எழுதலாம். உடன்பிறந்தாரில் உள்ள அதே ‘உடன்’.