டர்போ காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவோர் கவனத்திற்கு

கோயம்புத்தூரில் கார் பட்டறை நடத்திவரும் எனக்கு அண்மைக்காலமாக ஒரே வகையான வேலை அடிக்கடி வருகிறது. போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற டர்போ வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை வீட்டிலேயே மாற்றிவிட்டு, அதன் பிறகு எழுந்த கோளாறோடு வண்டியைக் கொண்டுவருகிறார்கள். சொந்த வண்டியில் தானே கைவைக்க விரும்புவதில் குற்றம் எதுவும் இல்லை. பட்டறைக்காரன் வேண்டாமென்றால் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இவ்வாறு வரும் வண்டிகளில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாததால் கெட்டவை குறைவு. எந்தத் திரவம், எவ்வளவு, எந்த வெப்பநிலையில் என்பதில் தவறியதால் கெட்டவையே மிகுதி.

முதலில் உயிர் தொடர்பானதைச் சொல்லிவிடுகிறேன். டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. கான்கிரீட் தளத்தில், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கிய பிறகு ஜாக் ஸ்டாண்டில் இறக்கி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்த பின்பே உள்ளே நுழைய வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கக்கூடியவை. வீட்டு வாசலில் பதித்த இன்டர்லாக் கற்கள் மீது ஸ்டாண்டை நிறுத்தினால், ஒரு கால் மட்டும் புதைந்து வண்டி சாயும்.

இன்ஜின் ஆயில்தான் வீட்டில் செய்வதற்கு ஏற்ற வேலை. இதில் கடைக்காரர் சொல்லும் பாகுத்தன்மை எண்ணை (0டபிள்யூ-20 போன்றது) மட்டும் பார்த்து வாங்குவது போதாது. வண்டியின் கையேட்டில் உள்ள தர எண் டப்பாவின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் 502 00 தரம் கேட்கும் இன்ஜினில், புதியது, விலை கூடியது என்பதற்காக 508 00 தரத்து 0டபிள்யூ-20 ஆயிலை ஊற்றக்கூடாது. 150 டிகிரி வெப்பத்திலும், வேகமாக உரசும் பாகங்களுக்கு இடையிலும் நிற்கும் ஆயில் படலத்தின் வலிமை இரண்டுக்கும் வேறு; 502 00 கேட்கும் குறைந்தபட்ச அளவு 3.5 மில்லிபாஸ்கல் விநாடி, 508 00 கேட்பது 2.6 மட்டுமே. நேரடி எரிபொருள் பீய்ச்சலுள்ள டர்போ இன்ஜின்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குறைந்த சுழற்சியில் மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைத்துவிடலாம். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் வகைச் சேர்மங்கள் இதைத் தூண்டுவது தெரியவந்ததால்தான், 2020-இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி ஆயில் தரத்தில் இதற்கென்றே தனிச் சோதனை இடம்பெற்றது.

கழற்றி மாட்டும்போது நடக்கும் தவறுகளில் இரண்டு கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டியவை. ஒன்று, பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில வேளைகளில் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுத்த உலோகத்தின் மீது கறுத்த வளையம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் அறிய வேண்டும். அதன் மீது புது ஃபில்டரை முடுக்கினால் வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் ஒழுகாமல் ஏமாற்றும். சாலையில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். மற்றொன்று, படுத்தபடி மேலே பார்ப்பவருக்கு ஆயிலை இறக்கக் கழற்றும் இன்ஜின் ட்ரெயின் போல்ட்டும் கியர்பாக்ஸ் ட்ரெயின் போல்ட்டும் ஒன்றுபோலவே தெரியும். கியர் ஆயிலை இறக்கிவிட்டு, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இன்ஜினில் புது ஆயிலை ஊற்றிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. இன்ஜினில் இருமடங்கு ஆயில் நுரைத்துக்கொண்டிருக்க, கியர்பாக்ஸ் வறண்டு கிடந்தது. இறங்கும் ஆயிலின் நிறத்தையும் அளவையும் பார்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் கியர்பாக்ஸ் பிழைத்திருக்கும். போல்ட்டைக் கை பலத்தை நம்பி முடுக்காமல் முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். ஃபோக்ஸ்வாகன் குழும இன்ஜின்கள் பலவற்றுக்கு அது 30 நியூட்டன் மீட்டர் மட்டுமே.

பிரேக் ஆயிலுக்கு வருகிறேன். நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். பிரேக் ஆயிலின் தர வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் ஈதரை அடிப்படையாகக் கொண்டவை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது அவற்றின் இயல்பு. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி; அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் இடைவிடாது பல சுற்றுகள் ஓட்டினாலும், ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினாலும், சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். கொதித்த ஆயில் ஆவிக் குமிழாக மாறுகிறது. குமிழ் அழுந்தும் தன்மை உடையது என்பதால் பெடல் தரையைத் தொட்டாலும் சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. சிறிது நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். அதனாலேயே பலர் இதை ஒரு தற்செயல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான அளவு. டிராக்கில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்பு புது ஆயிலோடு போவதே நல்லது.

டாட் 5.1-ஐ வாங்கப் போனவர் டாட் 5-ஐ வாங்கி வந்துவிடக்கூடாது. டாட் 5 சிலிகான் வகை. மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளுக்கும் உரியதல்ல. இதைவிடக் கொடியது, வண்டியில் பிரேக் ஆயில் நிரப்பும் டப்பாவில் வேறு எண்ணெயை ஊற்றுவது. வீட்டில் மீந்திருந்த பவர் ஸ்டீயரிங் ஆயிலால் டாப்-அப் செய்யப்பட்ட வண்டியின் பிரேக் டப்பா மூடியைத் திறந்தபோது, உள்ளிருந்த ரப்பர் உறை ஊறிப் பெருத்து, மூடிக்குள் திரும்ப அடங்க மறுத்தது. பிரேக் பாகங்களின் ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் இப்படித்தான் ஊதும். பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் அதே நிலை. ஊதிய ரப்பர் ஆயில் திரும்பும் சிறு துளையை அடைத்துவிட்டதால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்து, சக்கரங்கள் கை வைக்க முடியாதபடி சுட்டன. கழுவி எடுத்தால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். போதாது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் ரப்பர்கள், ஹோஸ்கள், ஏபிஎஸ் யூனிட் என்று ரப்பர் இருக்கும் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பிளீடிங் செய்யும்போது, அதாவது பிரேக் குழாய்களிலிருந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும்போது, டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது. காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம் அதன் வால்வுகளை இயக்கினால் ஒழிய பெரும்பாலும் வெளியே வராது. பெடல் மிதிக்க ஒருவரை உட்கார வைத்தால், காலிப்பரில் ஆயில் வெளியேறும் திருகான நிப்பிளை மூடிவிட்டேன் என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். பழைய வண்டியானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். பெடல் தரை வரை போகும்போது, சிலிண்டரில் இதுவரை தேயாத துருப்பகுதியில் ரப்பர் உரசிக் கிழியும். மேனுவல் கியர் வண்டிகள் பலவற்றில் கிளட்சுக்கும் இதே டப்பாதான் என்பதை மறக்க வேண்டாம். பெயின்ட்டின் மீது சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். திறந்து பல மாதமான பாதி பிரேக் ஆயில் கேன் மலிவாக இருந்தாலும் அது ஏற்கெனவே ஈரம் குடித்தது.

கூலன்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம் என்பதால் ஆறும் வரை கையை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நிறத்தை மட்டும் பார்த்து வெவ்வேறு வகைகளைக் கலந்தால் உள்ளே பழுப்பாகச் சேறு கட்டும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். போர் தண்ணீர் உப்புப் படியவைக்கும், சிறுவாணித் தண்ணீரின் சுவை ரேடியேட்டருக்குத் தேவையில்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தரையில் சிந்தியதை நக்கும் நாயும் பூனையும் சிறுநீரகம் செயலிழந்து சாகும்.

தானியங்கிக் கியர்பாக்ஸை வீட்டில் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆறு வேக ஈர கிளட்ச் டிஎஸ்ஜி-யில் (ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் தானியங்கிக் கியர்பாக்ஸ்) ஆயில் அளவைப் பார்க்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர்பாக்ஸ் ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, சமதளமாகத் தூக்கிய வண்டியின் அடியிலிருந்து வழியும் அளவைக் கவனிக்க வேண்டும். அந்த வெப்பநிலையை ஸ்கேனர்தான் காட்டும். ஏழு வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி-யில் கியர்களுக்கு ஒரு ஆயில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டுக்கு வேறொரு ஆயில். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் ஊற்றிவிட்டால், ஆயில் விலையில் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு போய்விடும்.

இறக்கிய ஆயிலைச் சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றுவதோ, கரையானுக்கென்று மரத்தில் பூசுவதோ கூடாது. அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் போக வேண்டியது. எரிந்த ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் அபாயமும் உண்டு என்பதால் நைட்ரைல் கையுறை அணியுங்கள். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி அருகிலுள்ள பட்டறையில் கொடுத்தால், எங்களைப் போன்றவர்கள் டிரம்மில் சேர்த்துக்கொள்வோம். பிரேக் ஆயிலையும் கூலன்டையும் மட்டும் வேறு வேறு கேன்களில் கொண்டுவாருங்கள். அவை கலந்த டிரம்மை எடுத்துச் செல்ல வருபவர் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.