உபுண்டுவில் பிழை வந்தால்: கட்டளையை ஒட்டுவதற்கு முன்னால்

லினக்ஸ் வகை இயங்குதளங்களான உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ போட்ட கணினி பழுதுபார்க்க வரும்போது, முதலில் வந்த பிழை பெரும்பாலும் அதில் மிச்சம் இருக்காது. அதற்கு மேல் இரண்டு மூன்று வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். இணையத்தில் தேடி முதலில் கிடைத்த கட்டளையை டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தால் அடிக்கும் சாளரத்தில்) ஒட்டி, அது சரிவராமல் அடுத்ததை ஒட்டி, கடைசியில் கணினியே திறக்காத நிலைக்கு வந்த பிறகுதான் போன் வரும். பள்ளிக் கணினி அறை, சிறு அலுவலகம், டிடிபி கடை என்று நான் போகிற இடங்களில் எல்லாம் இதே கதைதான். ஆரம்பப் பிழை பத்து நிமிட வேலை. அவசர வைத்தியத்தைச் சரிசெய்யத்தான் அரை நாள் போகும்.

லினக்ஸின் பிழைச் செய்திகள் பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். ஆனால் எந்தக் கோப்பு, டிஸ்க்கின் எந்தப் பிரிவு, எந்த நிரல் தடுக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். சிக்கல் என்னவென்றால், நம் கண் கடைசி வரிக்குத்தான் போகிறது. மென்பொருள் நிறுவும்போது தவறு நடந்தால் கடைசியாக வருவது, டிபிகேஜி (மென்பொருளை நிறுவும் அடிப்படைக் கருவி) பிழை எண் 1-ஐத் திருப்பியது என்ற ஒரு வரி. அதைத் தேடினால் ஆயிரம் பதில் கிடைக்கும், ஆயிரமும் வேறு வேறு நோய்க்கு. அந்த வரி சொல்வது வேலை நடக்கவில்லை என்பதை மட்டும்தான். ஏன் நடக்கவில்லை என்பது அதற்குப் பத்து இருபது வரி மேலே, முதன்முதலாக ‘எரர்’ என்ற சொல் வந்த இடத்தில் இருக்கும். டெர்மினலை மேலே உருட்டி அதைப் படியுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

அடிக்கடி வரும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக ஏதாவது நிறுவப் போனால், பூட்டைப் பெற முடியவில்லை என்று, மென்பொருளை இறக்கி நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை சொல்லும். கூடவே ‘லாக்-ஃபிரன்ட்எண்ட்’ என்ற கோப்பின் பெயரும் வரும். திங்கட்கிழமை காலையில்தான் இது அதிகம் வருகிறது. சனி, ஞாயிறு அணைந்து கிடந்த கணினியைத் திறந்ததும், பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகப் போடும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ பின்னால் வேலையை ஆரம்பித்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் மென்பொருள் கணக்கேட்டில் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. புதிய பதிப்புகளில் எந்த நிரல், எந்த பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் எண்) அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் அந்த வரியிலேயே சொல்லிவிடுகிறது. அதன் வேலை முடியும்வரை காத்திருந்தால் தானாகத் திறந்துகொள்ளும்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பிரபலமான வைத்தியம், அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது. இதைவிட மோசமான அறிவுரை இந்த விஷயத்தில் கிடையாது. அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும். அது இருப்பதே பூட்டு ஆகாது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று அதன்மேல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் உரிமை வாங்கி வைத்திருப்பதுதான் பூட்டு. கோப்பை அழித்தால் முதல் நிரல் நிற்காது. இரண்டாவது நிரல் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கிக்கொண்டு உள்ளே நுழையும். இரண்டும் ஒரே கணக்கேட்டில் எழுதும். பாதி நிறுவிய கெர்னலோடு கணினி நின்றுபோவது இப்படித்தான். நிஜமாகவே நடுவில் மின்சாரம் போய் வேலை அறுந்திருந்தால், ‘டிபிகேஜி’யை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ என்ற தெரிவுகளோடு ஓட்டச் சொல்லி ஆப்ட்டே கேட்கும். அதை மட்டும் செய்தால் போதும்.

அடுத்தது, கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே போகாமல் திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே வந்து நிற்பது. ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார்’ என்றுதான் வருவார்கள். கடவுச்சொல் தவறு என்றால் திரை அதைச் சொல்லிவிடும். ஒன்றும் சொல்லாமல், ஒரு நொடி கறுத்து, மறுபடியும் பெயர் கேட்டால் கடவுச்சொல் சரி, அதற்குப் பிறகுதான் ஏதோ தடுக்கிறது. நான் பார்த்தவரை முதலில் சந்தேகிக்க வேண்டியது நிறைந்துபோன டிஸ்க். டெஸ்க்டாப் திறக்கச் சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். இடமில்லாததால் எழுத முடியாமல் பின்வாங்கிவிடும்.

அந்தத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் இருக்கும் கறுப்புத் திரை வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், ‘டிஎஃப்’ என்று அடித்து இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘எச்’ எழுத்தும் சேருங்கள். சாய்வுக்கோடு மட்டும் இருக்கும் வரியில் 100 சதவீதம் என்று இருந்தால் ஆள் பிடிபட்டாயிற்று. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 வகை டிஸ்க் பிரிவுகளில் 5 சதவீதம் இடம், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென்று ஒதுக்கியிருப்பது வழக்கம். நமக்கு இடமில்லை என்று சொல்லும்போதும் சுடோ (ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு வேலை செய்ய முடிவது அதனால்தான்.

எதை அழிப்பது? இறக்கி வைத்த நிறுவல் கோப்புகளை ‘ஆப்ட் கிளீன்’ அகற்றும், பயமில்லாமல் ஓட்டலாம். பழைய கெர்னல்களை ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ எடுக்கும். ஆனால் எதையெதை எடுக்கப் போகிறேன் என்று அது காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு ‘ஒய்’ அடியுங்கள். கெர்னல் கோப்புகளை பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலும் அதோடு போய்விடும், அடுத்த முறை கணினி எழும்பாது.

இடம் ஒரே இரவில் நிறைந்தது என்றால் குற்றவாளி ‘வார்’ ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பாக இருக்கலாம். சில மடிக்கணினிகளில் பிசிஐஇ பஸ் (உள் பாகங்களை இணைக்கும் பாதை) பிழை ஒன்று, தானே திருத்திக்கொண்டேன் என்ற குறிப்போடு நொடிக்குப் பலமுறை பதிவாகும். கேடு ஒன்றும் இல்லாத செய்திதான், ஆனால் பல ஜிபி வளர்ந்துவிடும். அந்த ‘சிஸ்லாக்’ கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்று குழம்பாதீர்கள். எழுதும் நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. அழிப்பதற்குப் பதில் ‘ட்ரங்கேட்’ கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்கினால் உடனே இடம் கிடைக்கும். அப்புறம் அந்தச் செய்தி ஏன் வருகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

மின்வெட்டுக்குப் பிறகு வருவது வேறு வகை. யுபிஎஸ் இல்லாத கணினி திடீரென அணைந்து, மறுபடி திறந்தால் டெஸ்க்டாப் வராமல் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரு வரியும் துடிக்கும் கோடும் நிற்கும். பலர் இங்கேயே விண்டோஸ் சிடியைத் தேடத் தொடங்குவார்கள். சற்று மேலே பாருங்கள். எந்தப் பிரிவுக்குக் கையால் ‘எஃப்எஸ்சிகே’ (டிஸ்க் பிரிவைச் சோதித்துப் பழுதுபார்க்கும் கட்டளை) ஓட்ட வேண்டும் என்று பெயரோடு எழுதியிருக்கும். எஸ்டிஏ2 என்று இருந்தால் அதையே கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்ல ‘ஒய்’ தெரிவையும் சேர்த்து ஓட்டலாம். முடிந்ததும் ‘எக்ஸிட்’ அடித்தால் கணினி எழும்பும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஈஎக்ஸ்டி4-இல் ஜர்னல் என்ற பதிவேடு உண்டு. சாதாரண மின்வெட்டை அது தானே சமாளித்துக்கொள்ளும். கையால் பழுதுபார்க்கும் நிலை எப்போதாவது ஒருமுறை வந்தால் பரவாயில்லை. மாதம் ஒருமுறை வந்தால் மின்சாரத்தைத் திட்டிப் பயனில்லை, ஹார்ட் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். உபுண்டுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் பதிவு) விவரங்களைப் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் எண் 5, இடம் மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). எண் 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். 197 பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் எஃப்எஸ்சிகே ஓட்டுவதை நிறுத்துங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் அது மேலும் எழுதும், உள்ளதும் போகும். லைவ் யுஎஸ்பியில் (உபுண்டுவை நிறுவாமலே ஓட்டும் பென்டிரைவில்) கணினியைத் திறந்து, முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பழுது அப்புறம்.

விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில் இருப்பவர்களுக்கு இரண்டு தொல்லை உண்டு. ஒன்று கடிகாரம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். உபுண்டுவை ஓட்டிவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக 5:30 மணி நேரம் பின்னால் நிற்கும், காலை பத்து மணிக்குப் போட்ட பில்லில் அதிகாலை நாலரை என்று அச்சாகும். மதர்போர்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் 5:30 என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ என்பதை 1 ஆக்கினால் லினக்ஸ் விட்டுக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, விண்டோஸ் டிரைவ் திறக்க மறுப்பது, அல்லது திறந்தாலும் எழுத விடாதது. காரணம் பெரும்பாலும் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் டிரைவைப் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸுக்குள் போய் பவர் அமைப்பில் அதை அணைத்துவிட்டு, முழுதாக மூடிவிட்டு வாருங்கள். லினக்ஸ் பக்கத்திலிருந்து வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழிகளும் உண்டு. கணக்கு வழக்கு இருக்கும் டிரைவில் அதை நான் செய்வதில்லை.

கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் விஷயத்தில் பலரும் தவறவிடுவது ஒரு நீலத் திரை. செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் எழும்ப விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் என்விடியா கிராபிக்ஸ் டிரைவரோ விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளோ நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுபடி திறக்கும்போது ‘எம்ஓகே மேனேஜ்மென்ட்’ (உரிமையாளர் சாவியைப் பதியும் இடம்) என்று நீலத் திரை வரும். சில நொடிதான் நிற்கும். விண்டோஸில் பழகிய கண்ணுக்கு நீலம் என்றாலே பயம். ஒன்றும் தொடாமல் விட்டுவிடுவார்கள், அல்லது ‘கன்டினியூ பூட்’டைத் தட்டிவிடுவார்கள். கணினி நன்றாகத்தான் எழும்பும், டிரைவர் மட்டும் வேலை செய்யாது. கையொப்பச் சாவி நிராகரிக்கப்பட்டது என்று கெர்னல் சொல்லும். அந்தத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்து, வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் வேலை முடியும். தவறவிட்டவர்கள் ‘மோக்யுடில்’ கட்டளையால் அதே சாவியை மறுபடி பதியக் கொடுத்தால், அடுத்த முறை திறக்கும்போது அந்தத் திரை மீண்டும் வரும்.

வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று முழிப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். உபுண்டு அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ செயலி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அப்டேட் போடும்போது 404 (கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை) வருகிறது என்றால் இரண்டில் ஒன்று. நீங்கள் சேர்த்த வெளி மென்பொருள் களஞ்சியம் உங்கள் பதிப்புக்கு இல்லை, அல்லது உங்கள் பதிப்பே காலாவதியாகிவிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. 22.04, 24.04 எல்லாம் அந்த வகை. இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். வேலைக்கு வைத்திருக்கும் கணினியில் இடைப் பதிப்பைப் போட வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது என்ற புகாரையும் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு. யூனிகோடுக்கு மாற்றினால் எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும்.

ஒரு கட்டளையை மட்டும் யார் சொன்னாலும் ஒட்டாதீர்கள்: எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் ‘சிஎச்மாட் 777’-ஐ ‘ஆர்’ தெரிவோடு ரூட் ஃபோல்டரின்மேல் (எல்லா ஃபோல்டரும் அடங்கிய, சாய்வுக்கோட்டால் குறிக்கும் ஃபோல்டர்) ஓட்டுவது. அனுமதி இல்லை என்ற பிழைக்கு இதைப் பதிலாகக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டியதும், சுடோ நிரலின்மேல் இருந்த ‘செட்யுஐடி’ என்ற சிறப்பு அனுமதி போய்விடும், சுடோ வேலை செய்யாது. சுடோ இல்லாமல் அதைத் திருத்தவும் முடியாது. ஒவ்வொரு கோப்பின் அனுமதியையும் பழையபடி வைப்பதைவிட மறுபடி நிறுவுவதே சுலபம்.

உதவி கேட்கும்போது ‘ஓப்பன் ஆகல’ என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்தப் பதிப்பு, கடைசியாக எதை மாற்றினீர்கள் அல்லது நிறுவினீர்கள், அதற்குப் பிறகு எந்தெந்தக் கட்டளை ஓட்டினீர்கள், மூன்றையும் எழுதுங்கள். ஓட்டியதை மறைக்க வேண்டாம், ‘ஹிஸ்டரி’ என்று அடித்தால் எப்படியும் தெரிந்துவிடும். திரையைப் போட்டோ எடுத்தால் மேல்வரியும் விழும்படி எடுங்கள். மின்ட் வைத்திருப்பவர்கள் டைம்ஷிஃப்ட் (பழைய நிலைக்குத் திரும்ப நகல் எடுத்து வைக்கும் செயலி) இருக்கிறதே என்று கவலையில்லாமல் இருப்பார்கள். இயல்பாக அது சேமிப்பது இயங்குதளத்தை மட்டும்தான். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் ஆவணங்களும் படங்களும் அதில் சேராது. அவற்றுக்குத் தனியாக வெளி டிஸ்க்கில் ஒரு நகல் வேண்டும்.