நல்கை: காவலர் பணியிட ‘கிராண்ட்’டுக்குத் தமிழ்

அமெரிக்க நகரங்கள் காவலர்களைப் புதிதாக எடுக்க அந்நாட்டு ஒன்றிய அரசு தரும் ‘காப்ஸ் கிராண்ட்’ (காப்ஸ் என்பது சமூகக் காவலுக்கான அந்நாட்டு அரசு அலுவலகத்தின் ஆங்கிலச் சுருக்கம்) பற்றித் தமிழில் எழுதுவோர் அதை ‘மானியம்’ என்றே போட்டுவிடுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் மானியம் என்றால் இன்று உர மானியம், கேஸ் மானியம் என்றே படும்; சட்டமன்றத்தில் ‘காவல்துறை மானியக் கோரிக்கை’ என்றால் துறையின் ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்பது. இது இரண்டுமே இல்லை.

மானியத்தின் பழைய பொருளும் உதவாது. ஊழியத்துக்காக வரி நீக்கியோ குறைத்தோ விட்ட நிலம் அது. ஊர்க்காவல் பார்த்த தலையாரிக்கும் அப்படி நிலம் உண்டு. வேலையோடு அதுவும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் நிற்கும். காப்ஸ் பணம் அப்படி நிற்காது.

1994 குற்றத்தடுப்புச் சட்டத்தின் வழி, ஒரு லட்சம் காவலர்களைக் கூட்டும் இலக்கோடு வந்த திட்டம் இது. அதன் வழக்கமான விதி: தொடக்கநிலைக் காவலரின் சம்பளம், பணிப்பலன்களில் 75 விழுக்காடு, மூன்றாண்டுக்கு, உச்சவரம்பு ஒரு பணியிடத்துக்கு 1,25,000 டாலர். இந்த வரம்பில்தான் கணக்கு இடிக்கும். ஆண்டுச் செலவு 60,000 டாலர் என்று வையுங்கள். மூன்றாண்டுக்கு 1,80,000, அதில் 75 விழுக்காடு 1,35,000. கைக்கு வருவதோ 1,25,000தான். ஆக நகராட்சியின் பங்கு 45,000 அல்ல, 55,000. வண்டி, சீருடை, ஓவர்டைம் எல்லாம் தனி. நல்கைக்காலம் முடிந்தபின் 12 மாதம் அந்தப் பணியிடத்தைச் சொந்தக் காசில் வைத்திருக்கவும் வேண்டும். நாலாம் ஆண்டுக்குப் பட்ஜெட்டில் இடம் பார்க்காமல் விண்ணப்பிக்கும் சிற்றூர்கள் மாட்டுவது இங்கேதான்.

இன்னொரு கண்ணி: ஏற்கெனவே உள்ளூர் நிதி ஒதுக்கிய காலியிடத்தை இந்தப் பணத்தால் நிரப்பி, மிச்சத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. தணிக்கையில் சிக்கினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். புதிதாக வந்தவரை ரோந்துக்கு அனுப்பி, அனுபவசாலியைத் தெருமக்களோடு பழகும் சமூகக் காவலுக்கு மாற்றலாம், அதற்குத் தடையில்லை.

‘கிராண்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அடி, ‘நம்பு’ எனப் பொருள்படும் லத்தீன் ‘கிரெதெரெ’. தமிழில் ‘நல்கு’ என்பதிலிருந்து வரும் ‘நல்கை’ ஆய்வு நிதிக்கு ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே ‘சமூகக் காவலர் பணியிட நல்கை’ என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதாதென்றால் ‘காவலர் நல்கை’. நகராட்சி தன் கையிலிருந்து போடுவதை ‘உள்ளூர்ப் பங்கு’ என்றாலே புரியும்.